இறுகினாலும் ஆபத்து: உயிரணுவின் நுண்குழல்களும் ஒரு மரப்பட்டையும்



எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்காகச் சில மாதங்கள் கீமோதெரபி எடுத்துக்கொண்டவர். இப்போது நலமாக இருக்கிறார். முடி கொட்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்; கொட்டியது, திரும்பவும் வளர்ந்துவிட்டது. ஆனால் விரல் நுனிகள் இன்னும் மரத்தே இருக்கின்றன. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போட முடிகிறது. பூ தொடுப்பதை விட்டுவிட்டார்.

நான் அறிவியல் எழுதுவது அவருக்குத் தெரியும். ஒருநாள் மின்தூக்கியில் கேட்டார்: "வேகமா பிரியுற உயிரணுவைத்தான் இந்த மருந்து தாக்கும்னு சொன்னாங்க. முடி கொட்டுனதுக்கு அது சரி. நரம்பு உயிரணு பிரியறதே இல்லைன்னு என் மகளோட புத்தகத்துல போட்டிருக்கே. அப்புறம் ஏன் விரல் மரத்துப்போச்சு?"

இதைவிட நல்ல கேள்வியை எந்தத் தேர்வுத்தாளிலும் நான் பார்த்ததில்லை. பதில் சொல்ல எனக்கு இந்தப் பக்கம் முழுவதும் தேவைப்படுகிறது.

அவருக்குக் கொடுத்த மருந்தின் பெயர் பாக்ளிடாக்சல். டாக்சால் என்ற பழைய பெயரே பலருக்கும் பழக்கம். இங்கே அதையே வைத்துக்கொள்வோம். அது தாக்கும் இடம் உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குழல். மைக்ரோடியூபுல் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். மைட்டோசிஸ் படத்தில் இரண்டு துருவங்களிலிருந்தும் குரோமோசோம்களை நோக்கி மெல்லிய கோடுகள் வருமே, கதிர்க்கோல் இழைகள், அவை நுண்குழல்களால் ஆனவை. படத்தில் அவை அசையாத நூல்களைப் போலத் தெரியும். உண்மையில் உயிரணுவுக்குள் அவற்றைப்போல ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் பொருள் குறைவு.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். டியூபுலின் என்ற புரதத்தில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை. ஓர் ஆல்பாவும் ஒரு பீட்டாவும் ஒட்டிக்கொண்டு ஓர் இணையாகின்றன. இணையின் நீளம் ஏறத்தாழ 8 நானோமீட்டர். இணைகள் ஒன்றன் தலையில் ஒன்றாக அடுக்கி ஓர் இழை. அப்படிப்பட்ட 13 இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டி வட்டமாக வளைந்தால் உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு குழல். அதன் குறுக்களவு 25 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் ஏறத்தாழ 3000 குழல்களை வரிசையாக வைக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைக்ரோமீட்டர் என்பது 1000 நானோமீட்டர். 1000-ஐ 8-ஆல் வகுத்தால் ஓர் இழையில் 125 இணைகள். 13 இழைகளுக்கு 1625. நம் உடலின் உயிரணுக்களில் நுண்குழல் நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் அளவில் வளரக்கூடியது. அப்படியானால் ஒரே குழலின் ஒரே நுனியில் ஒவ்வொரு நொடியும் சுமார் 270 இணைகள் வந்து ஒட்டுகின்றன. சுருங்குவது இதைவிட வேகம்.

ஏன் சுருங்க வேண்டும்? இங்கேதான் வேதியியல் வருகிறது. ஒவ்வொரு இணையும் குவனோசின் டிரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூற்றைச் சுமந்து வருகிறது. நீங்கள் அறிந்த ஏடிபியின் நெருங்கிய உறவு அது. மூன்று பாஸ்பேட்டுகள் உண்டு. குழலில் ஒட்டிய சிறிது நேரத்தில் ஒன்று உடைந்து இரண்டாகிவிடும். இவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகளாகிவிடுகின்றன. அதனால் 'மூன்று பாஸ்பேட்', 'இரண்டு பாஸ்பேட்' என்றே சொல்கிறேன்.

மூன்று பாஸ்பேட்டோடு இருக்கும் இணை அண்டை இணைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒன்று உடைந்ததும் இணையின் வடிவம் சற்றே மாறி, இழை வெளிப்புறமாக வளையத் துடிக்கும். ஆனால் வளைய முடியாது. சுற்றியிருப்பவை பிடித்து வைத்திருக்கின்றன. நுனியில் புதிதாக ஒட்டிய 'மூன்று பாஸ்பேட்' இணைகள் ஒரு மூடியைப்போல இருக்கும் வரை குழல் நிற்கும். அந்த மூடி கழன்றுவிட்டால், வாழைப்பழத் தோல் உரிவதுபோல இழைகள் வெளியே சுருண்டு, குழல் மளமளவென்று சரியும். சில சமயம் வழியில் சரிவு நின்று மீண்டும் வளர ஆரம்பிக்கும். ஒரே கரைசலில், ஒரே நேரத்தில், சில குழல்கள் வளர்ந்துகொண்டும் சில சரிந்துகொண்டும் இருக்கும். 1984-இல் டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் இருவரும் இதைக் கண்டு சொன்னபோது, இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டவர்கள் பலர். இதற்கு 'இயங்கு நிலையின்மை' என்று பெயர்.

கட்டி, கலைத்து, மீண்டும் கட்டுவது வீண்வேலைபோலத் தோன்றலாம். கட்டுமான இடங்களில் இரும்புக் குழாய்களால் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாரத்தின் பயன் அது நிற்பதில் மட்டும் இல்லை, அவிழ்வதிலும் இருக்கிறது. ஒரு பக்கம் அவிழ்த்து மறுபக்கம் கட்ட முடிவதால்தான் வேலை நகர்கிறது. இரவோடு இரவாக யாரோ வந்து எல்லா முடிச்சுகளையும் பற்றவைத்துவிட்டால், சாரம் முன்பைவிட உறுதியாகிவிடும். கட்டடமோ அப்படியே நின்றுவிடும்.

உயிரணு பிரியும்போது நடப்பதைக் கவனியுங்கள். இரண்டு துருவங்களிலிருந்தும் நுண்குழல்கள் எல்லாத் திசைகளிலும் நீண்டு குரோமோசோம்களைத் தேடுகின்றன. ஒவ்வொரு குரோமோசோமிலும் கைனிட்டோகோர் என்ற பிடி இருக்கிறது. குழலின் நுனி அதில் மாட்டினால் நல்லது. மாட்டாவிட்டால் குழல் சரிந்து, வேறு திசையில் மீண்டும் நீளும். கண்ணைக் கட்டிக்கொண்டு கையால் துழாவுவதுபோல. அதனால்தான் பிரிவு தொடங்கியதும் குழல்களின் ஆயுள் பல மடங்கு குறைந்துவிடுகிறது. நிமிடக்கணக்கில் நின்றவை நொடிக்கணக்கில் மாறத் தொடங்குகின்றன. ஒரே ஒரு கைனிட்டோகோர் மாட்டாமல் இருந்தாலும் உயிரணு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் காத்திருக்கும். எல்லாம் மாட்டிய பிறகு, பிடித்த நுனியிலேயே குழல்கள் குறுகக் குறுக, குரோமோசோம்கள் துருவங்களை நோக்கி இழுபடுகின்றன. துழாவுவதற்கும் இழுப்பதற்கும் குழல் கலைந்தாக வேண்டும்.

இனி அந்த மரப்பட்டைக்கு வருவோம்.

1962-இல் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார். புற்றுநோய்க்கு எதிரான பொருள் எந்தச் செடியிலாவது கிடைக்குமா என்று அந்நாட்டு அரசு ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. வட கரோலினாவில் மன்ரோ வால் என்பவரும் மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வானியும் அந்தப் பட்டைச் சாற்றைப் பிரித்துப் பிரித்து, செயல்படும் பொருளைத் தனியே எடுத்தார்கள். 12 கிலோ பட்டையும் தண்டும் சேர்ந்து கொடுத்தது அரை கிராம். 1971-இல் அதன் மூலக்கூற்று அமைப்பை வெளியிட்டார்கள்: 47 கார்பன், 51 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், 14 ஆக்சிஜன். மூலக்கூறு சிக்கலானது, நீரில் கரையாது, கிடைப்பதும் அரிது. அக்கறை காட்டியவர்கள் அதிகம் இல்லை.

1977-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் என்ற பேராசிரியருக்கு, இது உயிரணுவில் என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு கடிதமும் 10 மில்லிகிராம் டாக்சாலும் வந்தன. அவரும் அவருடைய மாணவர் பீட்டர் ஷிஃப் முதலியோரும் செய்த சோதனையின் கருத்து உங்களுக்கு எளிதில் புரியும். டியூபுலின் கரைசல் தெளிவாக இருக்கும். 37 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் குழல்கள் உருவாகி, ஒளியைச் சிதறடித்து, கரைசல் கலங்கலாகும். பனிக்கட்டியில் வைத்தால் குழல்கள் கலைந்து மீண்டும் தெளியும். கால்சியம் சேர்த்தாலும் தெளியும். டாக்சால் சேர்த்தபோது கலங்கல் சீக்கிரம் வந்தது, அதிகமாகவும் வந்தது. 4 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள், தெளியவில்லை. கால்சியம் சேர்த்தார்கள், அப்போதும் தெளியவில்லை. 1979-இல் இது வெளியானது. உயிரணுப் பிரிவைத் தடுக்கும் பொருள்கள் அதுவரை குழலைக் கலைப்பவையாகவே அறியப்பட்டிருந்தன. இது தலைகீழாக, குழலைக் கட்டிப் பூட்டியது!

டாக்சால் எங்கே உட்காருகிறது? பீட்டா டியூபுலினில், குழலின் உட்சுவரைப் பார்த்திருக்கும் ஒரு குழியில். 1998-இல் எவா நொகாலெஸ், கென் டவுனிங் முதலியோர் எலக்ட்ரான் கதிர்களைக் கொண்டு டியூபுலினின் அமைப்பை வெளியிட்டபோது அந்தக் குழி தெளிவாகத் தெரிந்தது. டியூபுலினைக் கலையாமல் தட்டையான தாளாக நிறுத்திவைக்க அவர்கள் பயன்படுத்தியதும் டாக்சாலைத்தான். குழிக்கு அருகில் பீட்டா டியூபுலினின் ஒரு வளைவு இருக்கிறது. பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்ளும் கை அது. டாக்சால் வந்தமர்ந்ததும் அந்தக் கை நிலைபெறுகிறது. பாஸ்பேட் உடைந்த பிறகும் இழைகள் வெளியே வளைய முடியாதபடி பிடி இறுகுகிறது. போதிய டாக்சால் இருந்தால், குவனோசின் டிரைபாஸ்பேட் சேர்க்காவிட்டாலும் குழல்கள் உருவாகின்றன.

பூட்டுவதோடு அது நிற்பதில்லை. குழலின் உருவத்தையும் சற்றே மாற்றுகிறது. டாக்சாலோடு உருவாகும் குழல்களில் பெரும்பாலும் 13 இழைகளுக்குப் பதில் 12 இருக்கின்றன. மேலே போட்ட கணக்கில் 1625 என்பது 1500 ஆகிவிடும். அதன் தம்பியான டோசிடாக்சல் என்ற மருந்தோடு உருவாகும் குழல்களிலோ 13-தான் அதிகம். மூலக்கூற்றின் ஓரத்தில் சில அணுக்கள் மாறினால் குழலின் சுற்றளவே மாறுகிறது. எனக்கு இது இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

விறைப்பு என்ற இன்னொரு பண்பும் உண்டு. நுண்குழல் வியக்கத்தக்க விறைப்புடையது. உயிரணுவின் இன்னொரு எலும்புக்கூடான ஆக்டின் இழையைவிடச் சுமார் 300 மடங்கு விறைப்பானது என்று 1993-இல் அளந்தார்கள். டாக்சால் அதை மேலும் விறைப்பாக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஓர் ஆய்வுக்கூடம் ஆமாம் என்றது; வேறு சில, டாக்சால் சேர்ந்த குழல் இன்னும் எளிதாக வளைகிறது என்று அளந்து காட்டின. குழல் எவ்வளவு வேகமாக வளர்ந்தது, எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தும் விடை மாறுகிறது. நீங்கள் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கலையாமல் இருப்பது வேறு, வளையாமல் இருப்பது வேறு. ரப்பர் குழாய் எளிதில் வளையும், ஆனால் துண்டாகாது. சாக்குக்கட்டி வளையாது, ஆனால் உடைந்துவிடும்.

எதிர்முகாமில் இருப்பவை நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வளர்கின்றன. மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்று சொல்லும் நித்தியகல்யாணிச் செடியில் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு பொருள்கள் உள்ளன. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் கோல்சிசின் இருக்கிறது. அங்கே அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கௌட் என்னும் மூட்டுவலிக்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் கோல்சிசின் கொடுப்பார்கள். 1960-களில் டியூபுலினையே அறிவியலாளர்கள் கண்டுபிடித்தது, கோல்சிசின் எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று தேடிப் போனதால்தான். இந்த மூன்றும் டியூபுலினைப் பிடித்துக் குழல் உருவாகாமல் தடுக்கின்றன. ஒரு வார்த்தை: மருந்து இருக்கிறதே என்று இந்தச் செடிகளைக் கஷாயம் போட்டுக் குடிக்கும் விளையாட்டு வேண்டாம். காந்தள் கிழங்கு உயிரைப் பறிக்கும்.

ஒன்று பூட்டுகிறது, மற்றவை கலைக்கின்றன. அப்படியானால் விளைவும் எதிரெதிராக இருக்க வேண்டும் அல்லவா? 1990-களில் கலிபோர்னியாவில் மேரி ஆன் ஜோர்டான், லெஸ்லி வில்சன் ஆகியோர் மிகக் குறைந்த அளவில் இரண்டு வகைகளையும் சோதித்தார்கள். அந்த அளவில் டாக்சால் குழல்களின் மொத்த எடையைக் கூட்டவில்லை. வின்பிளாஸ்டின் குறைக்கவும் இல்லை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன: வளர்வதும் சரிவதும் மந்தமாகி, குழல்கள் ஏறத்தாழ அசையாமல் நின்றன. உயிரணுவின் பிரிவும் நின்றது. உயிரணுவுக்குத் தேவை குழல்கள் இருப்பது மட்டும் அல்ல, அவை மாறிக்கொண்டே இருப்பதும்தான்.

2014-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு திருப்பத்தைக் காட்டினார்கள். மார்பகப் புற்றுநோயாளிகளின் கட்டிகளுக்குள் உண்மையில் சேரும் டாக்சாலின் அளவில் உயிரணுக்கள் நீண்ட நேரம் நின்றுபோவதில்லை. இரண்டு துருவங்களுக்குப் பதில் மூன்று, நான்கு துருவங்கள் தோன்றி, குரோமோசோம்கள் கண்டபடி பிரிந்து, அந்தக் குழப்பத்தில் உயிரணுக்கள் சாகின்றன. மருந்தாக அனுமதி கிடைத்து 22 ஆண்டுகள் கழித்துத் தெரிந்த செய்தி இது.

அந்த அனுமதியே எளிதில் வரவில்லை. யூ மரம் மெதுவாக வளர்வது. பட்டையை உரித்தால் செத்துவிடும். நோயாளியைக் காப்பாற்றக் காட்டை அழிப்பதா என்ற வாதம் அமெரிக்காவில் சூடாக நடந்தது. பிரான்சில் பியர் போத்தியே குழுவினர் ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளிலிருந்து பாதி மூலக்கூற்றை எடுத்து, மீதியை ஆய்வுக்கூடத்தில் இணைக்க வழி கண்டார்கள். இலை திரும்பத் துளிர்க்கும். 1992 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும் 1994-இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீரில் கரையாத மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவதற்கு, ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு திரவத்தில் கரைத்தார்கள். ஒவ்வாமை வராமல் இருக்க முன்கூட்டியே வேறு மருந்துகள் கொடுப்பது பெரும்பாலும் அந்தத் திரவத்துக்காகத்தான்.

இப்போது அக்காவின் விரலுக்கு வருகிறேன்.

நரம்பு உயிரணு பிரியாது என்பது சரி. அதனால் அதற்குக் கதிர்க்கோல் தேவையில்லை. ஆனால் நுண்குழல் தேவை, வேறு எந்த உயிரணுவையும்விட அதிகமாக. கால் பெருவிரலில் தொடுவதை உணரும் நரம்பின் உயிரணு உடல் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் வரை ஒரே நீட்சி, பெரியவர்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர். நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி உயிரணு உடலில் உருவாகி, அந்த ஒரு மீட்டரையும் கடந்து போக வேண்டும். அவற்றைச் சுமக்கும் கைனசின் என்ற புரதங்கள் நடந்து போகும் தண்டவாளம் நுண்குழல். நுனியிலிருந்து திரும்பி வரும் சரக்குக்கு டைனீன் என்ற வேறொரு சுமைதூக்கி, தண்டவாளம் அதே.

டாக்சால் இந்தத் தண்டவாளத்தையும் விடாமல் பிடிக்கிறது. குழல்கள் புதுப்பிக்கப்படாமல் இறுகுகின்றன, போக்குவரத்து தடுமாறுகிறது, நீளமான நரம்புகளின் கடைசி நுனிகள் முதலில் வாடுகின்றன. நரம்பின் மைட்டோகாண்டிரியா பாதிக்கப்படுவதும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மரத்துப்போதல் கையுறையும் காலுறையும் அணிந்த இடங்களில் வருகிறது. மூளையிலும் இதே நுண்குழல்கள் உண்டு. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டி டாக்சால் எளிதில் நுழைவதில்லை. முதுகெலும்பின் ஓரத்தில் உள்ள உயிரணுக்களுக்கு அத்தகைய காவல் இல்லை. குழலைக் கலைக்கும் வின்கிறிஸ்டின் கொடுத்தாலும் விரல் மரத்துப்போகும். தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் சரி, பற்றவைத்தாலும் சரி, சரக்கு தாமதமாகிறது.

ஆக, முடி கொட்டியதற்கும் விரல் மரத்ததற்கும் மூலக்கூறு ஒன்றே, காரணம் இரண்டு. இதை அக்காவிடம் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் மகளும் கூட உட்கார்ந்து பார்த்தாள். "இது சரியாகுமா?" என்பது அடுத்த கேள்வி. பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது, சிலருக்கு நீண்ட காலம் தங்கிவிடுகிறது. சிகிச்சை நடக்கும்போதே கூச்சமோ மரப்போ தொடங்கினால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ மருந்தை மாற்றவோ அவர்களால் முடியும். உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், "இது சின்ன விஷயம், எதுக்குச் சொல்லணும்" என்று அவர்கள் மறைப்பதை நீங்கள்தான் முதலில் கவனிப்பீர்கள்.

இந்த வாரக் கேள்வி: நான்கு சோதனைக் குழாய்களில் ஒரே அளவு டியூபுலின் கரைசல். முதலாவதில் குவனோசின் டிரைபாஸ்பேட் மட்டும். இரண்டாவதில் அதனுடன் டாக்சால். மூன்றாவதில் அதனுடன் கோல்சிசின். நான்காவதில் குவனோசின் டிரைபாஸ்பேட் இல்லாமல் டாக்சால் மட்டும், போதிய அளவில். நான்கையும் 20 நிமிடம் 37 டிகிரியிலும், பிறகு 20 நிமிடம் பனிக்கட்டியிலும் வைக்கிறோம். நேரத்தைக் கிடை அச்சிலும் கலங்கலை நிலை அச்சிலும் வைத்து நான்கு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். பனிக்கட்டியில் எந்தக் கோடு கீழே இறங்கும், எந்தக் கோடுகள் இறங்காது, எது முதலிலிருந்தே எழாது என்பதற்குக் காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். விடை அடுத்த வாரம்.